தொற்றுக்காலத்தில் ஒரு தொண்டர்

நுழையும்முன்

கொள்ளைநோய் பரவும் காலத்தில் மருந்தைப் போலவே நம்பத்தகுந்த சொல்லும் உயிர்காக்கும். அச்சத்தால் நிலைகுலைந்த ஏழை மக்களிடம் அச்சொல்லை யார் கொண்டுசேர்ப்பது, எவ்வாறு கொண்டுசேர்ப்பது என்பது எக்காலத்துக்கும் உரிய வினா. விடுதலைப் போராட்டத்தின் தலைவராக நாம் அறிந்த காந்தியடிகள், தம் 34ஆம் வயதில் தென்னாப்பிரிக்காவில் அவ்வினாவை நேருக்குநேர் சந்தித்தார். அவ்வாழ்க்கைப் பகுதியை எடுத்துரைக்கிறது இப்பாடம்.

கொள்ளைநோயும் அச்சமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிளேக் என்னும் கொள்ளைநோய் உலகை அச்சுறுத்தியது. 1894ஆம் ஆண்டு ஹாங்காங் நகரில் அது கடுமையாகப் பரவியபோது, அலெக்சாந்தர் யெர்சின் என்னும் அறிவியலாளர் அந்நோயின் கிருமியைக் கண்டறிந்தார். வணிகக் கப்பல்களில் ஏறிய எலிகளோடும் தெள்ளுப்பூச்சிகளோடும் நோயும் கடல் கடந்தது. 1896இல் பம்பாயை அடைந்தது. மறு ஆண்டின் தொடக்கத்திலேயே வால்டெமர் ஹாஃப்கின் பம்பாயில் அதற்கெனத் தடுப்பூசி ஒன்றை உருவாக்கி, முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார்.

அறிவியல் இவ்வளவு விரைவாக வளர்ந்தும் மக்கள் மனத்தில் நம்பிக்கை வளரவில்லை. புனே நகரில் நோயாளிகளைத் தேடுவதற்காகப் படைவீரர்கள் வீடுகளுக்குள் புகுந்தனர். பொருள்களை வெளியே எறிந்தனர். பெண்களின் தனிமையையும் மதிக்கவில்லை. நோயைக் காட்டிலும் நோய்த்தடுப்புப் பணியாளர்களைக் கண்டே மக்கள் அஞ்சினர். நோயுற்றோரை மறைத்து வைத்தனர். மக்களின் சினம் முற்றி, 1897 சூன் மாதத்தில் பிளேக் தடுப்பு அதிகாரி ராண்டு சுடப்படும் அளவுக்குச் சென்றது. துப்பாக்கி முனையில் நலவாழ்வைப் புகட்ட முடியாது என்பதை நாடே கண்ட காலம் அது. காந்தியடிகளின் பொதுச் சுகாதாரப் பணி இக்காலத்தில்தான் தொடங்கியது.

இராஜ்கோட்டில் பெற்ற பாடம்

1869 அக்டோபர் 2ஆம் நாள் போர்பந்தரில் பிறந்த காந்தியடிகள், இலண்டனில் சட்டம் பயின்று, 1893இல் வழக்கு ஒன்றின் பொருட்டுத் தென்னாப்பிரிக்கா சென்றார். அங்கு இந்தியர் பட்ட இழிவுகளை எதிர்த்துப் போராடத் தொடங்கிய அவர், 1896இல் தாயகம் திரும்பி இராஜ்கோட்டில் தங்கியிருந்தார். அப்போது பம்பாயில் பிளேக் பரவியது. இராஜ்கோட்டிலும் நோய் நுழையக்கூடும் என்ற அச்சம் எழவே, சுகாதாரக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. காந்தியடிகள் தாமாக முன்வந்து அதில் இணைந்தார்.

குழுவினர் தெருத்தெருவாகச் சென்று கழிப்பிடங்களைப் பார்வையிட்டனர். ஏழைகள் எத்தடையும் சொல்லாமல் தம் இல்லங்களைக் காட்டினர். சொல்லப்பட்ட திருத்தங்களையும் ஏற்றனர். செல்வர் சிலரோ குழுவினரை வீட்டினுள் விடவும் மறுத்தனர். காற்றும் வெளிச்சமும் புகாத, புழுக்கள் நெளியும் கழிப்பிடங்கள் செல்வர் மாளிகைகளிலேயே இருந்தன.

தாழ்த்தப்பட்டோர் குடியிருப்புக்குச் செல்ல வேண்டிய முறை வந்தபோது, குழு உறுப்பினருள் ஒருவர் மட்டுமே காந்தியடிகளுடன் செல்ல உடன்பட்டார். அங்கே வீடுகள் சாணத்தால் மெழுகப்பட்டிருந்தன, முற்றங்கள் பெருக்கப்பட்டிருந்தன, இருந்த சில பாத்திரங்களும் துலக்கிப் பளபளத்தன. கழிப்பிடங்களைப் பார்க்க வந்ததாகச் சொன்னபோது அம்மக்கள் வியந்தனர். கழிப்பிடம் என்பது பெரிய மனிதர்களுக்குரியது, தமக்குத் திறந்தவெளியே கதி என்றனர். வறியோர் தூய்மை அறியாதவர் என்னும் எண்ணம் பொய்யென்பதைக் காந்தியடிகள் தம் கண்ணாலேயே கண்டார். அவர்களிடம் குறைவாக இருந்தவை இடமும் நீரும் வடிகாலுமே.

கப்பலில் காத்திருந்த நாள்கள்

1896 இறுதியில் காந்தியடிகள் குடும்பத்துடன் மீண்டும் தென்னாப்பிரிக்காவுக்குப் புறப்பட்டார். அவர் பயணம் செய்த ‘கோர்லேண்டு’ கப்பலும் உடன் வந்த ‘நாதேரி’ கப்பலும் டர்பன் துறைமுகத்தை அடைந்தபோது, பம்பாயில் பிளேக் இருப்பதைக் காரணம் காட்டிப் பயணிகள் தடுத்து நிறுத்தப்பட்டனர். கப்பலில் நோயாளி எவரும் இல்லை. எனினும் மூன்று வாரங்களுக்கும் மேலாக அவர்கள் கடலிலேயே காத்திருந்தனர். இந்தியர் கரையிறங்குவதை விரும்பாத வெள்ளையரின் கிளர்ச்சியே தடை நீண்டதற்கு உண்மைக் காரணம். 1897 சனவரி 13ஆம் நாள் கரையிறங்கிய காந்தியடிகளை வெறிகொண்ட கூட்டம் ஒன்று தாக்கியது. காவல் கண்காணிப்பாளரின் மனைவி திருமதி அலெக்சாந்தர் குறுக்கே நின்று அவரைக் காத்தார். நோயின் பெயரால் ஒரு மக்கள் கூட்டத்தையே இழிவுபடுத்த இயலும் என்பதைக் காந்தியடிகள் அன்று உணர்ந்தார்.

ஆயினும், பிறர் பழிக்கிறார்கள் என்பதற்காகத் தம்மவரிடம் இருந்த குறைகளை அவர் மூடி மறைக்கவில்லை. பிளேக் டர்பனை நெருங்குவதாகச் செய்தி வந்தபோது வீடுவீடாகச் சென்று தூய்மையை வலியுறுத்தினார். சிலர் கடிந்துகொண்டனர், சிலர் பணிவாகக் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தனர். சீர்திருத்தத்தில் ஆர்வம் கொண்டவர் சீர்திருத்துபவரேயன்றிச் சமுதாயம் அன்று. ஆகவே பொறுமை வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

ஜோகன்னஸ்பர்க்கின் இந்தியர் குடியிருப்பு

1903இல் காந்தியடிகள் ஜோகன்னஸ்பர்க்கில் வழக்கறிஞர் அலுவலகம் தொடங்கினார். தங்கச் சுரங்கங்களால் செழித்த அந்நகரில் இந்தியர் நினைத்த இடத்தில் வாழ இயலாது. அவர்களுக்கென ஒரு குடியிருப்பு ஒதுக்கப்பட்டிருந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்த கூலித் தொழிலாளர்கள், சிறு வணிகர்கள், காய்கறி விற்போர் ஆகியோர் அங்கு நெருக்கமாக வாழ்ந்தனர். தமிழரும் அவர்களுள் இருந்தனர். பிற்காலத்தில் அறப்போரில் உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மை பிறந்ததும் இந்நகரிலேயே.

அக்குடியிருப்பு நிலத்தில் இந்தியர்கள் 99 ஆண்டுக் குத்தகை உரிமை பெற்றிருந்தனர். நகராட்சி அவ்வுரிமையைச் சட்டத்தின்வழிக் கையகப்படுத்தியது. உரிய இழப்பீடு கேட்டுத் தொடுக்கப்பட்ட ஏறத்தாழ 70 வழக்குகளைக் காந்தியடிகள் நடத்தினார். ஒன்றே ஒன்றைத் தவிர மற்றவற்றில் வென்றார். அம்மக்கள் அவரைத் தம் உடன்பிறந்தவராகவே கருதி, ‘பாய்’ என்று அழைத்தனர். வடமொழியிலிருந்து வந்த அச்சொல்லுக்குச் சகோதரர் என்பது பொருள்.

உரிமையைக் கையகப்படுத்திய நகராட்சி, மாற்றிடம் தராமல் மக்களை அங்கேயே வாடகைக் குடியிருப்போராக்கியது. உடைமையாளராக இருந்தவரை ஓரளவு பேணப்பட்ட இடம், அதன்பின் எவராலும் பேணப்படவில்லை. நெருக்கடி மிகுந்தது, கழிவு அகற்றப்படவில்லை. நோய் வரப்போவதைக் காந்தியடிகள் முன்னரே உணர்ந்தார். 1904 பிப்ரவரி 11ஆம் நாள் நகரச் சுகாதார அலுவலர் மருத்துவர் போர்ட்டருக்கு மடல் எழுதி, குடியிருப்பின் நிலையை எடுத்துரைத்து எச்சரித்தார். மார்ச் முதல் நாளில் பிளேக் தோன்றிவிட்டதாகவே அறிவித்தார். உரிய நடவடிக்கை எடுக்கப்படவில்லை.

பூட்டை உடைத்த இரவு

மார்ச் 18ஆம் நாள் மாலை நிலைமை முற்றியது. நகரை அடுத்த தங்கச் சுரங்கம் ஒன்றில் வேலை செய்த இந்தியருள் 23 பேர் கடுமையான நோயுடன் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தனர். அது நுரையீரலைத் தாக்கும் வகைப் பிளேக். இருமலின் வழியே ஒருவரிடமிருந்து மற்றவரைத் தொற்றி, மிக விரைவில் உயிரைப் பறிக்கும் கொடிய நோய்.

‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழுக்குச் சந்தா சேர்க்க வந்திருந்த மதன்ஜித் அப்போது அங்கே இருந்தார். ஆள்களின்றி இருந்த வீடு ஒன்றின் பூட்டைத் துணிந்து உடைத்து, நோயாளிகள் அனைவரையும் அதில் சேர்த்தார். பென்சிலால் குறிப்பெழுதிக் காந்தியடிகளுக்கு அனுப்பினார். காந்தியடிகள் மிதிவண்டியில் விரைந்து வந்தார். பூட்டை உடைக்க நேர்ந்த காரணத்தை விளக்கி நகராட்சிச் செயலருக்கு உடனே எழுதினார். மருத்துவர் வில்லியம் காட்ஃபிரே செய்தி கேட்டதும் ஓடிவந்து, மருத்துவராகவும் செவிலியராகவும் பணிபுரிந்தார். காந்தியடிகளின் அலுவலகத்தில் பணியாற்றிய கல்யாண்தாஸ், மாணிக்லால், குணவந்தராய் உள்ளிட்ட நான்கு இளைஞர்களும் உடன் நின்றனர். காந்தியடிகளே அப்பணிக்கு அவர்களை அழைத்தார். பெருங்குடும்பத்தைத் தாங்கிய ரிட்ச் என்னும் நண்பர் விரும்பி முன்வந்தும் அவரைத் தடுத்துவிட்டார்.

மறுநாள் நகராட்சி பழைய சரக்குக் கிடங்கு ஒன்றைத் தந்தது. அதைத் தூய்மை செய்யும் பொறுப்பையோ ஏற்கவில்லை. தொண்டர்களே அதைக் கழுவித் துடைத்தனர். இந்தியரிடம் கட்டில்களைத் திரட்டித் தற்காலிக மருத்துவமனையாக்கினர். நகராட்சி அனுப்பிய செவிலியர் ஒருவரும் உடன் பணியாற்றினார். எனினும் 23 பேருள் இருவரே பிழைத்தனர். சில நாள்களில் அச்செவிலியரும் நோய்க்கு இரையானார். நோயாளியின் அருகில் நிற்பது எத்தகைய இடர் என்பதை அவருடைய மறைவு அனைவருக்கும் காட்டியது.

மண்ணைத் தோண்டி எடுத்த நம்பிக்கை

குடியிருப்பைச் சுற்றிக் காவல் போடப்பட்டது. இசைவுச் சீட்டின்றி எவரும் உள்ளே வரவோ வெளியே செல்லவோ இயலவில்லை. மக்கள் அனைவரையும் நகரிலிருந்து ஏறத்தாழ 13 மைல் தொலைவிலுள்ள கிளிப்ஸ்புரூட் என்னும் வெளிக்கு அனுப்பி, மூன்று வாரம் கூடாரங்களில் தங்கவைத்து, குடியிருப்பைத் தீக்கிரையாக்குவது என நகராட்சி முடிவு செய்தது.

அம்முடிவை மக்களிடம் சொல்வது எளிதன்று. வீட்டை விட்டுப் போனால் திரும்பி வருவோமா, எரியும் வீட்டோடு உடைமையும் போகுமோ, வெட்டவெளியில் என்ன உண்பது என்று ஒவ்வொருவரும் அஞ்சினர். சுவரொட்டியோ அரசாணையோ இவ்வச்சத்தைப் போக்கியிராது. காந்தியடிகள் இசைவுச் சீட்டுடன் நாள்தோறும் குடியிருப்புக்குள் சென்றார். மக்களின் கேள்விகளைக் கேட்டார். நகராட்சியின் திட்டத்தை அவர்களுக்கு விளக்கினார். அவர்களின் தேவைகளை நகராட்சிக்கு எடுத்துச் சென்றார். செய்தி இரு திசையிலும் நடந்தது.

மக்களின் பேரச்சம் பணத்தைப் பற்றியதாக இருந்தது. அவர்களுக்கு வங்கிப் பழக்கம் இல்லை. பல்லாண்டு உழைத்துச் சேர்த்த செப்பு, வெள்ளி நாணயங்களை வீட்டினுள் மண்ணில் புதைத்து வைத்திருந்தனர். அவற்றைத் தோண்டி எடுத்துக் காந்தியடிகளிடம் ஒப்படைக்கத் தொடங்கினர். அவர் தம் வங்கியின் மேலாளரிடம் பேசினார். நோய் பரவிய இடத்திலிருந்து வரும் நாணயங்களைத் தொட வங்கி ஊழியர்கள் தயங்கக்கூடும் என்பதால், அவை அனைத்தும் கிருமிநீக்கம் செய்யப்பட்ட பின்னரே வங்கிக்கு அனுப்பப்பட்டன. அவ்வாறு சேர்ந்த தொகை ஏறத்தாழ 60,000 பவுன். படிப்பறிவற்ற ஏழைகள் தம் வாழ்நாள் சேமிப்பை ஒருவர் கையில் நம்பிக் கொடுத்தனர். இழப்பீட்டு வழக்குகளின் காலத்திலேயே விதைக்கப்பட்ட நம்பிக்கை, நோய்க்காலத்தில் பயன் தந்தது.

மக்கள் தனித் தொடர்வண்டியில் கிளிப்ஸ்புரூட் சென்றனர். நகராட்சி உணவுப்பொருள் வழங்கியது. முதல் நாளில் கலங்கியவர்கள், மிக விரைவில் தேறினர். காந்தியடிகள் மிதிவண்டியில் அங்குச் சென்றபோதெல்லாம் பாட்டும் மகிழ்ச்சியுமாக அவர்களைக் கண்டார். திறந்தவெளிக் காற்றில் அவர்களின் உடல்நலமும் மேம்பட்டது. மக்கள் வெளியேறிய மறுநாளே குடியிருப்பு எரியூட்டப்பட்டது.

உண்மையை உரைத்த துணிவு

நகராட்சியோடு ஒத்துழைத்த காந்தியடிகள், அதன் குறையைச் சொல்லவும் தயங்கவில்லை. குடியிருப்பைப் பேணாது விட்டதால் நேர்ந்த உயிரிழப்புக்கு நகராட்சியே பொறுப்பு என நாளிதழுக்கு எழுதினார். 1903 சூன் முதல் தமிழ், குசராத்தி, இந்தி, ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளில் வெளிவரத் தொடங்கிய ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழும் மக்களிடம் அவரவர் மொழியில் செய்திகளைக் கொண்டுசென்றது. அரசைச் சாடுவதையும் மக்களின் தூய்மைக் குறைகளைத் திருத்துவதையும் அவர் ஒரே பணியின் இரு பகுதிகளாகக் கருதினார்.

இந்த ஒத்துழைப்பு மக்களின் உயிரையும் மானத்தையும் காத்தது. அது இல்லாதிருப்பின் நகராட்சி படைவலியைப் பயன்படுத்தியிருக்கும் என்பதே காந்தியடிகளின் கருத்து. ஆயினும் அம்மக்கள் கொடுத்த விலை சிறிதன்று. எரிந்த குடியிருப்பு அவர்களுக்கு மீண்டும் கிடைக்கவில்லை. அதே ஆண்டில் நகரிலிருந்து அகற்றப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் கிளிப்ஸ்புரூட்டிலேயே நிலையாகக் குடியமர்த்தப்பட்டனர். இன்றைய சோவெட்டோ நகர்ப்பகுதியின் தொடக்கம் அதுவே. நோய்த்தடுப்பு என்ற பெயரில் எளியோரை நகரின் எல்லைக்கு அப்பால் தள்ளிய வரலாறும் இந்நிகழ்வினுள் அடங்கியுள்ளது.

பிளேக் காந்தியடிகளின் வாழ்க்கைப் போக்கையும் மாற்றியது. அந்நாள்களில் அவரைத் தேடிவந்த ஆல்பர்ட் வெஸ்ட் ‘இந்தியன் ஒப்பீனியன்’ அச்சகப் பொறுப்பை ஏற்றார். பிளேக் குறித்த அவருடைய மடலைப் படித்து நட்புக்கொண்ட ஹென்றி போலாக், அவ்வாண்டிலேயே இரஸ்கினின் நூலொன்றை அவருக்குப் படிக்கத் தந்தார். அந்நூலின் தாக்கத்தால் டர்பன் அருகே ஃபீனிக்ஸ் குடியிருப்பு உருவானது.

அளவறிந்து போற்றுதல்

காந்தியடிகளின் மருத்துவக் கருத்துகள் அனைத்தும் இன்றைய அறிவியலுக்கு உடன்பட்டவை அல்ல. சரக்குக் கிடங்கில் மூன்று நோயாளிகளுக்கு ஈரமண் கட்டு வைத்தார்; பிழைத்த இருவரும் அம்மூவருள் அடங்குவர். இருப்பினும், பிளேக்குக்கு மண் மருந்தாகும் என்பதற்கு இது சான்றாகாது. நோயை நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளால் குணப்படுத்தும் வழி பிற்காலத்திலேயே கிடைத்தது. அம்மைத் தடுப்பு முறையை அவர் ஏற்கவில்லை. அதே முறைதான் பின்னாளில் உலகிலிருந்து பெரியம்மையை ஒழித்தது. அவரிடமிருந்து நாம் பெற வேண்டியது மருத்துவக் குறிப்பு அன்று. மக்களை அணுகிய முறையே.

அம்முறையை அவர் இறுதிவரை கைவிடவில்லை. 1913இல் உடல்நலம் பற்றிய தொடர் கட்டுரைகளை ‘இந்தியன் ஒப்பீனியனில்’ எளிய குசராத்தியில் எழுதினார். 1917இல் சம்பாரண் உழவர்களிடையே பணியாற்றியபோது கல்வியோடு தூய்மையையும் கற்பிக்கத் தொண்டர்களை ஊர்களில் தங்கச் செய்தார். 1942இல் ஆகாகான் மாளிகையில் சிறைப்பட்டிருந்தபோதும் நலவாழ்வு குறித்த நூலொன்றை எழுதினார். சேவாகிராமத்தில் தொழுநோயுற்ற பர்ச்சுரே சாஸ்திரிக்குத் தம் கையாலேயே பணிவிடை செய்தார். 1948 சனவரி 30ஆம் நாள் அவர் உயிர்நீத்தார். அந்நாளையே இந்தியா தொழுநோய் ஒழிப்பு நாளாகவும் கடைப்பிடிக்கிறது.

நம் மண்ணில்

காந்தியடிகள் 1927, 1934 ஆண்டுகளில் மேற்கொண்ட தமிழகப் பயணங்களில் விருதுநகர் வட்டாரத்துக்கும் வந்தார். வானம் பார்த்த கரிசல் பூமி அது. மழை பொய்த்த அந்நிலத்தில் தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில்கள் பிற்காலத்தில் பெரும் வாழ்வாதாரமாயின. இன்று சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளின் சிற்றூர்களிலிருந்து ஆண்களும் பெண்களும் விடியலில் பட்டாசு ஆலைகளுக்குச் செல்கின்றனர். செய்த வேலையின் அளவுக்கேற்பக் கூலி பெறுவோர் அவர்களுள் பலர். 2020 மார்ச் இறுதியில் கொரோனாப் பெருந்தொற்றால் நாடு அடங்கியபோது ஆலைகள் மூடப்பட்டன. வீட்டில் இருங்கள் என்னும் அறிவுரை, அன்றாடக் கூலியால் வாழும் குடும்பத்துக்கு அடுப்பு எரியாத நாளையும் குறித்தது.

அத்தகைய குடும்பத்திடம் நலவாழ்வுச் செய்தியை யார் சொல்ல இயலும்? குழந்தைக்குத் தடுப்பூசி போட்டு, கருவுற்றோரைக் கண்காணித்து, ஊரில் ஒருவராகிவிட்ட கிராமச் சுகாதாரச் செவிலியர் சொல்ல இயலும். கடன் தவணையிலும் நல்லது கெட்டதிலும் உடன் நிற்கும் மகளிர் சுயஉதவிக் குழுவினர் சொல்ல இயலும். இவர்களின் சொல்லுக்கு மதிப்பு, நோய் வருவதற்கு முன்பே ஈட்டப்பட்டது. அறிவுரையோடு அரிசிக்கும் வழி கேட்பவர்கள் இவர்கள். மக்களின் இன்னலை அலுவலகத்துக்கு எடுத்துரைப்பவர்களும் இவர்களே.

ஜோகன்னஸ்பர்க்கில் காந்தியடிகள் செய்ததும் இதுவே. எளியோரின் வழக்கைத் தம் வழக்காகக் கொண்டார். நோயாளியின் அருகில் அமர்ந்தார். மக்களின் அச்சத்தை அறியாமை என இகழாமல், அதன் காரணத்தைக் கேட்டு நீக்கினார். அதன் பின்னரே வீட்டை விட்டு வெளியேறுமாறு அவர்களிடம் கூறினார்; அவர்களும் மண்ணில் புதைத்த சேமிப்பை அவரிடம் ஒப்படைத்துவிட்டு வண்டி ஏறினர்.